தெளிந்த தண்ணீர்

ஜாபிர் பயந்த சுபாவக்காரர். இதை மனைவி நிலோஃபர் சொன்னால் அவர் முறைப்பார், ஆனால் தெருவுக்கே தெரிந்த சங்கதிதான். வார்டு அலுவலகத்திலிருந்து யாராவது படியேறி வந்தால், மேல்மாடிக்குப் போகிறவர்களாகவே இருந்தாலும், இவருக்கு இங்கே நெற்றி வியர்த்துவிடும். இடி இடித்தால் ஓடுகிற ரேடியோவை அணைப்பார். இப்படிப்பட்ட மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு காரியத்தை யாரையும் கேட்காமல் துணிந்து செய்தார். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

வீடு ரங்கூனில் க்யிம்யிண்டைங் பகுதியில், படகுத்துறைக்கு இறங்குகிற தெருவில், பழைய கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடி. பகல் முழுக்க மசாலாக் கடையில் மிளகாயும் மல்லியும் நிறுத்துக் கொடுத்துவிட்டு, தும்மிக்கொண்டே வீடு திரும்புவார். முகம் கழுவிக்கொண்டு நேரே பால்கனிக்குப் போய்விடுவார். அங்கே கம்பிக்கூண்டுக்குள் பச்சையும் நீலமுமாக லவ் பேர்ட்ஸ் கூட்டம். நடுவில் ஒரே ஒரு மஞ்சள். அதற்கு சுல்தான் என்று பெயர். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கீச்சுக்குரல்தான் பேச்சுத்துணை. சுல்தான் தோளில் உட்கார்ந்து காதுமடலைக் கொத்துகிற நேரத்தில் மட்டும் ஜாபிருக்கு உலகத்தில் எதைப் பற்றியும் பயம் இருக்காது.

இரண்டாயிரத்து எட்டு மே மாதம் புயல் வந்து ரங்கூனைப் புரட்டிப் போட்டது. தெருவில் பாதி மரங்கள் சாய்ந்தன. ஜாபிரின் பால்கனிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த தூங்குமூஞ்சி மரமும் வேரோடு போயிற்று. அதுவரை அந்தப் பால்கனிக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. மரம் போனதும் காலையிலிருந்து மாலை வரை சுள்ளென்று அடித்தது. பறவைகளுக்கென்று தண்ணீர் சேர்த்து வைத்திருந்த ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயில் செய்த மண்பானையின் மூடி காற்றில் பறந்துபோயிருந்தது. சில நாளில் பானையின் உட்புறமெல்லாம் பச்சை வழுவழுப்பு. கூண்டுக்குள் இருந்த கண்ணாடிக் குடுவையிலும் அதே பாசி.

நிலோஃபர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. காலையில் குடுவைத் தண்ணீரைக் கொட்டினாள், பிரஷ் போட்டு மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தாள், நன்றாக அலசிப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். "பானையை நிழலுக்கு நகத்துங்க, ஒரு தட்டு போட்டு மூடுங்க. வெயில் படலைன்னா பாசி எங்கேருந்து வரும்" என்றாள். எல்லாம் சரிதான். ஆனால் ஊரில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குழாய் வறண்டு கிடந்தது. பௌத்த மடத்துக் கிணற்றில் வரிசையில் நின்று இரண்டு மாடி தூக்கி வருகிறவர் ஜாபிர். தூக்கி வந்தவரின் கண்ணெதிரே அதைச் சாக்கடையில் கொட்டினால் வயிறு எரியத்தானே செய்யும்.

கடைக்குப் பக்கத்தில் பீர் முகைதீன் சுண்ணாம்பும் சாயப்பொடியும் விற்கிறவர். ஜாபிர் அவரிடம் போய்ப் புலம்பினார். பீர் முகைதீன் ஒரு டப்பாவைத் திறந்து, நீல நிறத்தில் கல்கண்டு மாதிரி மின்னுகிற கட்டிகளை எடுத்துக் காகிதத்தில் மடித்தார்.

"மயில்துத்தம், ஜாபிர் காக்கா. வெள்ளையடிக்கிற சுண்ணாம்புல போடுறது. குளத்துப் பாசிக்கும் இதைத்தான் போடுவாங்க. கொஞ்சூண்டு போதும், பாசி இருந்த இடம் தெரியாது."

கொஞ்சூண்டு என்றால் எவ்வளவு என்று ஜாபிர் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள் என்று பீர் முகைதீனும் கேட்கவில்லை. இரண்டு பேருமே நல்லவர்கள், என்ன செய்ய.

நிலோஃபர் அடுப்படியில் இருந்தபோது ஜாபிர் சாதிக்காய் அளவுக் கட்டி ஒன்றைப் பானையில் போட்டுக் கலக்கினார். மீதியை மடித்துப் பால்கனிப் பலகையின் மேல் வைத்தார். சொன்னால் அவள் நூறு கேள்வி கேட்பாள். இரண்டு நாளில் பானை பளிங்காகிவிட்டது. எட்டிப் பார்த்தால் அடியில் குயவர் விரலோட்டிய வரி தெரிந்தது. ஜாபிருக்குப் பெருமை தாங்கவில்லை. பர்மியர்களின் கஸோன் மாதப் பௌர்ணமிக்கு முந்தின நாள் அந்தத் தண்ணீரை மொண்டு குடுவையில் தானே ஊற்றினார்.

பௌர்ணமியன்று கடை விடுமுறை. போதி மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் என்பதால் பெண்கள் தலையில் பூச்சூடிக் குடத்தோடு பகோடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜாபிர் சந்தையில் தினை வாங்கிக்கொண்டு வெயில் ஏறிய பிறகு வீடு வந்தார். பால்கனியில் சத்தமே இல்லை.

சுல்தான் கூண்டின் அடியில் உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உப்பி, கண் பாதி மூடி, அலகைச் சுற்றி ஈரம். கையில் எடுத்தார். அது தலையை உதறி, தின்ற தினையை அவர் உள்ளங்கையிலேயே கக்கியது. மேலே கம்பியில் இருந்தவையும் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டு வாலை ஆட்டி மூச்சு வாங்கின. கீழே எச்சம் தண்ணீராகப் போயிருந்தது.

ஜாபிர் கூண்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நேற்று வரை எல்லாம் நன்றாக இருந்தன. புதிதாக வந்தது ஒன்றுதான். குடுவையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். மீதிக் கட்டிகள் இருந்த பொட்டலத்தை, நிலோஃபர் தொட்டுவிடக் கூடாதே என்று எடுத்துச் சட்டைப்பையில் திணித்தார். பிறகு பானையைக் கொட்டத் திரும்பினார்.

பானை காலியாக இருந்தது.

"நிலோ, பானைத் தண்ணி எங்கே?"

"கீழ வெத்திலைக் கடை தோ மியா வந்தாங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "பௌர்ணமி அன்னிக்குப் பார்த்து யேச்சான்சின்ல தண்ணி இல்லையாம். மடத்துக் கிணத்துல ஒரே கலங்கலாம். பாவமா இருந்துச்சு. நீங்கதான் படிகாரம் போட்டுத் தெளிய வச்சிருந்தீங்களே, அதை அப்படியே குடுத்திட்டேன். நமக்கும் நன்மைதானே."

ரங்கூனில் ஆற்றுத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் படிகாரம் கலக்கித் தெளியவைத்துக் குடிப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். தெளிந்த பானையைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் தோன்றும். நிலோஃபர்மேல் ஒரு குற்றமும் இல்லை. யேச்சான்சின் என்பது தெருவில் போகிறவர் வருகிறவர் தாகம் தீர்க்க மரப்பலகையில் பானை வைத்து, மேலே சின்னக் கூரை போட்டு, ஒரு குவளையும் வைத்திருக்கிற தண்ணீர்ப்பந்தல். கீழ்த்தளத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்த தோ மியா பல வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் யார் குடிக்கிறார்கள் என்று கணக்கு கிடையாது. யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். அதுதான் அந்தப் புண்ணியத்தின் அழகு.

ஜாபிருக்கு அழகு தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் எண்பத்தெட்டாம் வருஷம் வந்து நின்றது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. ஊரெல்லாம் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம், துப்பாக்கிச் சத்தம், தெருவுக்குத் தெரு மூங்கில் தடுப்பு. குடிக்கிற தண்ணீரில் விஷம் கலக்க அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஒரு மத்தியானம், தண்ணீர்ப் பானைப் பக்கம் நின்றான் என்று ஒருவனை இழுத்து வந்தார்கள். அவன் பையில் ஏதோ பொடி இருந்தது. பல்லுக்குத் தேய்க்கிற பொடி என்று அவன் அழுதான். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. கூட்டம் அவன் கதையை முடித்த பிறகு அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று ஜாபிர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார், ஆனாலும் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த பயம்தான் இன்னும் விடவில்லை.

அந்த மனிதன் பையில் இருந்தது பல்பொடி. இவர் பையில் இருப்பது நிஜமான விஷம்.

"என்னங்க, ஏன் இப்படி நிக்கிறீங்க?" நிலோஃபர் வந்து பார்த்தாள், சுல்தானைப் பார்த்தாள்.

"அது படிகாரம் இல்ல" என்றார் ஜாபிர். "மயில்துத்தம் போட்டேன்."

அவள் கத்தவில்லை. "கீழே போங்க" என்றாள். "போங்க சீக்கிரம்."

ஜாபிர் படி இறங்கினார். கடைசிப் படியில் இருட்டாக இருந்த இடத்தில் நின்றுவிட்டார். அங்கிருந்து பந்தல் தெரிந்தது. தோ மியா குவளையைத் துடைத்துக்கொண்டே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மேல்மாடி மா நிலோ குடுத்த தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. சாது சொல்லுங்க, சாது." கேட்டவர்கள் ‘நன்று’ என்கிற பொருளில் சாது, சாது என்று சொல்லிப் புண்ணியத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பேர் சொல்லியே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு யாருக்கு என்ன ஆனாலும் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெருவுக்கே தெரியும்.

பந்தல் ஓரத்தில் சைக்கா என்கிற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுகிற கோ டே தன் வண்டியின் பக்க இருக்கையில் சரிந்து கிடந்தார். வெயிலில் மிதித்து வந்தவர், தாகத்தில் மூன்று நாலு குவளை குடித்திருப்பார் போல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், சாக்கடைப் பக்கம் குனிந்து வாந்தி எடுத்தார். டீக்கடையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

"என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் சாப்பிடல. தண்ணிதான் குடிச்சேன். காசை வாயில போட்டாப்ல ஒரு ருசி."

அந்த இரண்டு பேரும் பானையைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் கூடினார்கள். அப்போது தெருமுனையில் இளஞ்சிவப்பு உடையில் சின்னச் சின்னப் பெண் துறவிகள் வரிசையாக வருவது தெரிந்தது. வெயிலுக்குத் தலையில் துணியை மடித்துப் போட்டிருந்தார்கள். பந்தலைப் பார்த்ததும் முன்னால் வந்த சிறுமியின் நடை வேகமானது.

திரும்பி மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஜாபிரின் உடம்பு முழுக்க அதைத்தான் சொன்னது. பின்வாசல் வழியாகத் துறைக்குப் போய், படகேறி, த்வாண்டேயோ எங்கேயோ போய்விடலாம். ஒரு கை சட்டைப்பையை மூடிக்கொண்டது. ஆனால் அந்தச் சிறுமி குவளையை எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டாள்.

எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. பந்தலில் போய் மோதி, பானையைத் தள்ளிவிடப் பார்த்தார். தோ மியா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அந்தக் கிழவிக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"பௌர்ணமி அன்னிக்குத் தண்ணிப் பானையை உடைக்கிறியா, கோ ஜாபிர்? உனக்கு என்ன ஆச்சு?"

கூட்டம் இவரைப் பார்த்தது. அவர் குனிந்து, அவள் காதோரம், பர்மியப் பேச்சே மறந்துபோனவராகத் திக்கித் திக்கிச் சொன்னார். குருவிகளுக்காகக் கலந்தது, பாசிக்கு மருந்து, அது விஷம், என் மனைவிக்குத் தெரியாது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

தோ மியா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கை மூடியிருந்த பையைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் அவள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் தன் உயிர் என்று ஜாபிருக்குத் தெரிந்தது. டீக்கடையிலிருந்து வந்தவர்களில் ஒருவர் நெருங்கி வந்து, "என்ன சொல்றான்? தண்ணியில என்ன?" என்று கேட்டார்.

"பல்லி" என்றாள் தோ மியா உரக்க. "மேல்மாடியில பானைக்குள்ள பல்லி விழுந்து செத்திருக்கு. இப்பத்தான் பார்த்தானாம். நானும்தான் காலையில ஒரு குவளை குடிச்சேன், ருசி ஒரு மாதிரி இருந்துச்சு, வெத்திலை போட்ட நாக்குன்னு நினைச்சேன்." சொல்லிக்கொண்டே பானையைத் தானே இரண்டு கையாலும் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். துறவிப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க அனுப்பினாள். கேட்டவர் முகம் சுளித்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்.

பிறகு அவள் ஜாபிரின் பக்கம் திரும்பாமலே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எண்பத்தெட்டுல நானும் இந்தத் தெருவுலதான் இருந்தேன். கோ டேயை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அங்க பல்லின்னு சொல்லாதே."

கோ டேயை அவருடைய வண்டியிலேயே உட்காரவைத்து, மிதித்துப் பழக்கமில்லாத ஜாபிர் தள்ளிக்கொண்டே போனார். டாக்டர் வாந்திக்கு என்ன காரணம் என்று கேட்டபோது பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கோ டே கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் காகிதத்தைப் பிரித்து நீலக் கட்டிகளைப் பார்த்தார், ஜாபிரைப் பார்த்தார். கட்டி எவ்வளவு பெரியது, பானை எவ்வளவு பெரியது என்று விசாரித்தார்.

"இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா இந்நேரம் நீங்க இங்க இல்ல, போலீஸ்ல நின்னிருப்பீங்க. வாந்தி வந்தது நல்லதாப்போச்சு. இன்னிக்கு ராத்திரி இங்கேயே இருக்கட்டும். வேற யார் குடிச்சிருந்தாலும் உடனே அனுப்புங்க. குருவிக்கு ஏன்யா மருந்து? தினம் தண்ணியை மாத்தினாப் போதாதா?"

நிலோஃபர் சொன்ன அதே வார்த்தை. ஜாபிர் தலையைக் குனிந்துகொண்டார். கோ டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

குடித்தவர்கள் எல்லாரையும் தோ மியா தேடிப் பிடித்து விசாரித்தாள். மீன்காரப் பெண்ணுக்குக் குமட்டல், அவ்வளவுதான். தோ மியாவுக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் நிலோஃபர் பறவைகளுக்குக் கொதித்தாறிய தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஊற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பச்சையும் நீலமும் மெல்லத் தலையை நிமிர்த்தின. சுல்தான் அந்தி சாயும்போது ஜாபிரின் கையிலேயே அடங்கிப்போனது. அவர் அழுதார். நிலோஃபர் அவரைத் தேற்றவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்று மட்டும் சொன்னாள். கொடுத்தது தன் கை என்பதால் அவளும் பயந்துகொண்டுதான் இருந்தாள்.

விளக்கேற்றுகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஜாபிர் எழுந்திருக்கவில்லை. கோ டே செத்துவிட்டார், ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றே நினைத்தார். நிலோஃபர் திறந்தாள். தோ மியா, இடுப்பில் பந்தல் பானையோடு. தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

"காலையில நீதான் நிரப்பணும்" என்றாள் ஜாபிரிடம். "உங்க வீட்டுல நீங்க குடிக்கிற தண்ணி. கீழே கொண்டு வந்து, எல்லாரும் பார்க்க முதல் குவளை நீ குடி. பல்லின்னு நான் சொன்னதை எல்லாரும் நம்பிட்டாங்கன்னு நினைக்காதே. இன்னிக்கு விட்டா நாளைக்கு வேற பேச்சு வரும்."

மறுநாள் காலை, கிணற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆறவைத்து, ஜாபிர் பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கலங்கிய கிணற்றுத் தண்ணீர், என்ன வடிகட்டியும் லேசாக மண்ணிறம். படிகாரம் போட நிலோஃபர் கையை நீட்டியபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். எந்தக் கட்டியைப் பார்த்தாலும் இப்போது பயம்.

டீக்கடை நிறைய ஆள் இருந்தார்கள். அவர் பானையைப் பலகையில் வைத்ததும் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். குவளையில் மொண்டார். அவசரத்தில் மார்பில் பாதி சிந்தியது. குடித்தார். இன்னொன்று மொண்டு, அதையும் குடித்தார். யாரும் பக்கத்தில் வரவில்லை. தோ மியா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள், தலை தூக்கவில்லை. ஜாபிர் பந்தலோரமாக நின்றார். மீன்காரப் பெண் வந்தாள், பானையைப் பார்த்தாள், கூடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனாள். வெயில் ஏறியது. தாகத்தோடு வந்த இரண்டு கூலிக்காரர்களுக்கு டீக்கடையில் யாரோ ஏதோ சொல்ல, அவர்களும் திரும்பிவிட்டார்கள். இந்தத் தெருவில் இனி குடியிருக்க முடியாது என்று ஜாபிருக்கு நிச்சயமாகிவிட்டது.

அப்போது தெருமுனையில் ஒரு சைக்கா மணி அடித்தது. கோ டே. முகம் வெளிறி, கன்னம் ஒட்டி, மெல்ல மெல்ல மிதித்து வந்தார். பந்தலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார், இறங்கினார். டீக்கடை முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்று பானைக்குள் என்ன இருந்தது என்று ஜாபிரையும் தோ மியாவையும் விட்டால் அந்தக் கூட்டத்தில் நிஜமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

குவளையை எடுத்து ஜாபிரிடம் நீட்டினார்.

"தண்ணி தெளிவா இருக்கா?"

ஜாபிர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "இல்ல. கொஞ்சம் கலங்கல்தான்."

"அப்ப ஊத்து" என்றார் கோ டே.